விற்பனையில் சீசன் இருக்கிறதா? ரெக்ரஷன் கணக்கு தப்பாக வந்தால் அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

ஜவுளிக்கடைக்காரரிடம் போய் "உங்கள் வியாபாரத்தில் சீசன் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பொங்கல், ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று விரல் விட்டுச் சொல்வார். ஆனால் அதே கடையின் நான்கு வருட பில் கணக்கை எடுத்து ரெக்ரஷன் (விற்பனை எதனெதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) ஓட்டினால், பல நேரம் "பருவகால மாறுபாடு இல்லை" என்றுதான் விடை வருகிறது. கடைக்காரரின் அனுபவம் பொய்யில்லை. கணக்குக்கு நாம் கொடுத்த நெடுவரிசைகளில்தான் பிசகு இருக்கிறது. ரெக்ரஷனுக்குத் தீபாவளி தெரியாது, ஆடி தெரியாது. நாம் எழுதிக் கொடுத்த 0, 1 மட்டும்தான் தெரியும்.

இந்தக் கணக்கை நம்பிக் கடனுக்குச் சரக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தவறான மாதத்தில் சரக்கு வந்து குடோனில் முடங்கினால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் திரையில் என்ன தெரிகிறதோ அதை வைத்து, எங்கே கோளாறு என்று தேடும் விதமாக இதை எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறி வந்திருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். நான்காவதையும் ஆறாவதையும் மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில், தாள் எப்படி இருக்க வேண்டும்

ஒரு ஜவுளிக்கடையின் கணக்கு, 2021 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை 48 மாதம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒரு வரி. முதல் நெடுவரிசையில் மாதம். இரண்டாவதில் நிகர விற்பனை, அதாவது திரும்பி வந்த சரக்கைக் கழித்து, ஜிஎஸ்டி சேர்க்காத தொகை. வரியோடு சேர்த்து வைத்தால் வரி விகிதம் மாறும்போது விற்பனையே மாறியதுபோலத் தெரியும்; 2025 செப்டம்பர் 22-இல் ஆயத்த ஆடைகளுக்கான வரி அடுக்கு மாறியபோது இப்படித்தான் ஆகியிருக்கும். மூன்றாவது நெடுவரிசையில் 1 முதல் 48 வரை வரிசை எண்; இதுதான் போக்கு, வியாபாரம் மொத்தமாக ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பிடிக்க. அதன்பின் மாதங்களுக்கான டம்மி மாறிகள்: பிப்ரவரி என்ற நெடுவரிசையில் பிப்ரவரி வரிகளில் 1, மற்ற எல்லாவற்றிலும் 0. இப்படியே டிசம்பர் வரை.

எக்செலில் டேட்டா தாவலில் டேட்டா அனாலிசிஸ் இல்லையென்றால் ஆட்-இன்ஸ் போய் அனாலிசிஸ் டூல்பேக்கை இயக்கிக்கொள்ளுங்கள். விற்பனைதான் ஒய்; போக்கும் டம்மிகளும் எக்ஸ் மாறிகள். எக்ஸ் மாறிகள் எல்லாம் இடைவெளி இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதிகபட்சம் 16 மாறிகள்தான் ஏற்கும். இந்த 16 பின்னால் நம் கழுத்தைப் பிடிக்கும், நினைவில் வையுங்கள்.

1. அறிகுறி: "மாதம்" என்ற மாறியின் பி மதிப்பு 0.6, 0.7 என்று வருகிறது

பி மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பது; வழக்கமாக 0.05-க்குக் கீழே வந்தால்தான் நம்புவோம். இங்கே டம்மி போடாமல் மாதத்தை 1 முதல் 12 வரை எண்ணாகவே ஒரே நெடுவரிசையில் கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால் கணக்கு என்ன நினைக்கும்? ஜனவரியிலிருந்து பிப்ரவரிக்கு எவ்வளவு மாறுகிறதோ அதே அளவுதான் செப்டம்பரிலிருந்து அக்டோபருக்கும் மாறும், டிசம்பர் வரை ஒரே நேர்கோடு என்று நினைக்கும். ஜனவரியில் ஒரு மேடு, பிப்ரவரியில் பள்ளம், அக்டோபரில் மலை என்று இருக்கும் விற்பனைக்கு நேர்கோடு எப்படிப் பொருந்தும்? ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரிவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். உடனே "சீசன் இல்லை" என்று எழுதிவிடுகிறோம்.

மாத எண் என்பது பெயர்தான், அளவு இல்லை. பேருந்தின் தட எண் மாதிரி. டம்மி நெடுவரிசைகளாகப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள்.

2. அறிகுறி: ஒரு மாதத்தின் கெழு 0, திட்டப்பிழை 0, டி மதிப்பு 65535, பி மதிப்பில் பிழைக்குறி

கெழு என்பது ஒவ்வொரு மாறிக்கும் கணக்கு தரும் எண். அந்த எண் எவ்வளவு தள்ளாடலாம் என்பது திட்டப்பிழை. முன்னதைப் பின்னதால் வகுத்தால் டி மதிப்பு. இந்த அறிகுறி வந்தால், பன்னிரண்டு மாதத்துக்கும் டம்மி போட்டுவிட்டீர்கள். எந்த வரியை எடுத்தாலும் பன்னிரண்டு டம்மிகளின் கூட்டுத்தொகை 1. கணக்கில் ஏற்கெனவே உள்ள மாறிலியும் (எல்லா மாதத்துக்கும் பொதுவான அடித்தள எண்) எல்லா வரியிலும் 1. ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னதால் எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லாமல் எக்செல் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அந்த இடத்தில் என்ஏ (விடை இல்லை) என்று வரும். பைத்தான் நிரல்மொழியின் ஸ்டேட்ஸ்மாடல்ஸ் தொகுப்புதான் ஆபத்து: மாறிலியோடு பன்னிரண்டையும் கொடுத்தாலும் கெழுக்களைக் காட்டிவிடும், எச்சரிக்கை மட்டும் கீழே சின்னதாக இருக்கும். அதைப் படிக்காமல் விட்டால் அர்த்தமில்லாத எண்களை வைத்து அறிக்கை எழுதிவிடுவோம்.

தீர்வு எளிது. ஒரு மாதத்தின் டம்மியை எடுத்துவிடுங்கள். எடுத்த மாதம்தான் அடிப்படை மாதம். மற்ற ஒவ்வொரு கெழுவும் "அந்த மாதத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய" என்று சொல்லும்.

3. அறிகுறி: ஆர் ஸ்கொயர் சரியாக 1, மிச்சம் எல்லாம் பூஜ்யம்

மிச்சம் என்பது உண்மை விற்பனைக்கும் கணக்கு சொன்ன விற்பனைக்கும் உள்ள வித்தியாசம். ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கைக் கணக்கு விளக்கியது என்பது ஆர் ஸ்கொயர்; 1 என்றால் முழுவதும். இப்படி வந்தால் ஒரு வருடக் கணக்கைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு வரிக்குப் பன்னிரண்டு எண்களைப் பொருத்தினால் எதுவும் கச்சிதமாகத்தான் பொருந்தும். போன அக்டோபரில் விற்பனை கூடியது சீசனாலா, பக்கத்துக் கடை மூடியதாலா என்று ஒரே ஒரு அக்டோபரை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. இரண்டு வருடம் இருந்தால் கணக்கு ஓடும், ஆனால் தள்ளாடும். மூன்று நான்கு வருடம் வேண்டும். இல்லையென்றால் மாதத்தை விட்டுவிட்டுக் காலாண்டாகப் போடுங்கள். மூன்று டம்மி போதும்.

4. அறிகுறி: பதினொரு மாதத்தில் ஒன்றுக்குக்கூட பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரவில்லை. அல்லது ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வருகிறது

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு மாதத்தின் பி மதிப்பும் ஒரு சின்னக் கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: "இந்த மாதம் அடிப்படை மாதத்திலிருந்து வேறுபடுகிறதா?" நமக்கு வேண்டிய கேள்வி அது இல்லை. "பன்னிரண்டு மாதமும் ஒன்றுபோலத்தானா, இல்லையா?" என்பதுதான் நம் கேள்வி.

ஜனவரியை அடிப்படையாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் பாருங்கள். ஜவுளிக்கு ஜனவரி பொங்கல் மாதம், நல்ல வியாபாரம். ஆகஸ்டும் டிசம்பரும் சுமாராக நல்ல மாதங்கள் என்றால், ஜனவரியோடு ஒப்பிடும்போது வேறுபாடு ஒன்றும் தெரியாது. பி மதிப்பு பெரிதாகத்தான் இருக்கும். அதே கணக்கில் பிப்ரவரியை அடிப்படையாக மாற்றினால் பாதி மாதங்கள் திடீரென்று 0.05-க்குக் கீழே இறங்கும். விற்பனை மாறவில்லை, பொருத்தம் மாறவில்லை, ஆர் ஸ்கொயர்கூட மாறவில்லை. ஒப்பிடும் ஆள்தான் மாறினார். அடிப்படை மாதத்தை மாற்றினால் மாறிப்போகும் ஒன்றை வைத்துச் சீசன் உண்டா என்று எப்படி முடிவு செய்வது?

எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். உண்மையில் சீசனே இல்லாத ஒரு பொருளுக்குப் பதினொரு தனிச் சோதனைகள் செய்தால், அவை ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், ஒன்றாவது தற்செயலாக 0.05-க்குக் கீழே விழும் வாய்ப்பு 43 சதவீதம். நம் சோதனைகள் எல்லாமே ஒரே அடிப்படை மாதத்தோடு ஒப்பிடுவதால் எண் கொஞ்சம் மாறும், ஆபத்து போகாது. "ஜூன் மாதம் மட்டும் முக்கியம்" என்று வந்தால் உடனே ஜூனுக்குக் காரணம் தேடாதீர்கள்.

சரியான வழி, எல்லா மாத டம்மிகளையும் ஒன்றாகச் சோதிக்கும் எஃப் சோதனை. இரண்டு ரெக்ரஷன் ஓட்ட வேண்டும்.

முதலாவது போக்கு மட்டும் உள்ளது. இரண்டாவது போக்கும் பதினொரு டம்மியும் உள்ளது. இரண்டிலும் அனோவா அட்டவணையில் ரெசிடுவல் என்ற வரியில் எஸ்எஸ் என்ற எண் இருக்கும். கணக்கு விளக்க முடியாமல் விட்ட மிச்சத்தின் வர்க்கக் கூட்டல் அது. எடுத்துக்காட்டுக்காக நானே போட்ட எண்கள்: முதல் கணக்கில் 1.90, இரண்டாவதில் 0.84. டம்மிகள் வந்ததால் 1.06 குறைந்திருக்கிறது. பதினொரு டம்மிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 0.0964. இனி, எல்லாம் சேர்த்த பிறகும் மிஞ்சிய 0.84-ஐ மீதமுள்ள சுதந்திரப் படிகளால் (வரிகளின் எண்ணிக்கையில் கணக்கு பொருத்திய எண்கள் போக மிஞ்சுவது) வகுக்க வேண்டும்: 48-இல் 13 போக 35 (மாறிலி 1, போக்கு 1, டம்மி 11). 0.84-ஐ 35-ஆல் வகுத்தால் 0.024. முன்னதைப் பின்னதால் வகுத்தால் எஃப் 4.02.

11, 35 சுதந்திரப் படிகளுக்கு 5 சதவீத எல்லை ஏறக்குறைய 2.07. நம் 4.02 அதைத் தாண்டிவிட்டது. மாதங்கள் ஒன்றுபோல இல்லை, சீசன் உண்டு. அட்டவணை தேட வேண்டாம்; எக்செலில் எஃப் டிஸ்ட் ஆர்டி என்ற செயற்கூறில் 4.02, 11, 35 என்று கொடுத்தால் பி மதிப்பே வந்துவிடும். ஆரில் இரண்டு மாதிரிகளையும் அனோவா செயற்கூறுக்குக் கொடுத்தால் ஒரே வரியில் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. எக்செல் அனோவா அட்டவணையிலேயே "சிக்னிஃபிகன்ஸ் எஃப்" என்று ஒன்று காட்டும். அதை எடுத்துவிடாதீர்கள். அது போக்கையும் சேர்த்து எல்லா மாறிகளுக்குமான சோதனை. வியாபாரம் நன்றாக வளர்ந்திருந்தாலே அது பிரமாதமாக வரும், சீசன் துளிகூட இல்லாவிட்டாலும். ஆர் ஸ்கொயர் 0.95 என்று வந்தால் சீசன் நிரூபணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவதும் இதே தவறுதான்.

5. அறிகுறி: டிசம்பர் எப்போதும் உயரம், ஜனவரி எப்போதும் பள்ளம், மாதம் போகப்போகக் கெழு ஏறிக்கொண்டே போகிறது

போக்கு நெடுவரிசையைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். மாதம் 2 சதவீதம் வளரும் கடையில், எந்தச் சீசனும் இல்லாமலே, அந்த வருட டிசம்பர் ஜனவரியைவிட 24 சதவீதம் உயரமாக இருக்கும். போக்கு இல்லையென்றால் இந்த வளர்ச்சி முழுவதையும் டம்மிகள் தங்கள் தலையில் சுமக்கும். அதோடு, வருடத்துக்கு வருடம் உள்ள வித்தியாசம் மொத்தமும் மிச்சத்தில் போய்ச் சேர்ந்து மிச்சம் பெருத்துவிடுவதால், உண்மையான சீசனும் அதில் மூழ்கிப் போகலாம். இல்லாததைக் காட்டும், இருப்பதை மறைக்கும்.

6. அறிகுறி: அக்டோபர், நவம்பர் இரண்டுக்கும் கெழு பெரிது, ஆனால் திட்டப்பிழையும் பெரிது, மிச்சம் ஒரு வருடம் மேலே, அடுத்த வருடம் கீழே குதிக்கிறது

தீபாவளி நகர்ந்துவிட்டது.

2021-இல் தீபாவளி நவம்பர் 4. 2022-இல் அக்டோபர் 24. 2023-இல் நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. ஆங்கில மாத டம்மிக்கு இது எதுவும் தெரியாது. அது நான்கு அக்டோபர்களையும் கூட்டிச் சராசரி எடுக்கும். ஒரு அக்டோபரில் பண்டிகைக் கூட்டம் முழுவதும் இருக்கும், இன்னொன்றில் பாதிதான் இருக்கும். சராசரி எந்த வருடத்துக்கும் பொருந்தாது.

"தீபாவளி வந்த மாதத்துக்கு 1, மற்றதற்கு 0" என்று தனியாக ஒரு டம்மி போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். போட்டுப் பார்த்தால் 2021 இடிக்கும். நவம்பர் 4-ஆம் தேதி தீபாவளி என்றால் துணி எடுத்தது அக்டோபரில்தானே? நவம்பரில் மூன்று நாள் கூட்டம், அவ்வளவுதான். நவம்பருக்கு 1 கொடுத்தால் தலைகீழ். விற்பனை நடப்பது பண்டிகைக்கு முன்னால் என்பதைக் கணக்கு உணர வேண்டும்.

நான் செய்வது இது. தீபாவளிக்கு முந்தைய நாளோடு முடியும் 21 நாட்களை எடுத்துக்கொள்வேன். அந்த 21-இல் எத்தனை நாள் எந்த மாதத்தில் விழுகிறது என்று எண்ணி 21-ஆல் வகுப்பேன். அந்தப் பின்னம்தான் "தீபாவளிப் பங்கு" நெடுவரிசை.

2021: அக்டோபர் 14 முதல் நவம்பர் 3 வரை. அக்டோபரில் 18 நாள், நவம்பரில் 3. பங்கு 0.86, 0.14.
2022: அக்டோபர் 3 முதல் 23 வரை. அக்டோபருக்கு முழு 1, நவம்பருக்கு 0.
2023: அக்டோபர் 22 முதல் நவம்பர் 11 வரை. அக்டோபரில் 10, நவம்பரில் 11. பங்கு 0.48, 0.52.
2024: அக்டோபர் 10 முதல் 30 வரை. அக்டோபருக்கு 1.
2025-ஐயும் சேர்ப்பதானால், தீபாவளி அக்டோபர் 20. செப்டம்பருக்கே 2 நாள் போய்விடுகிறது, 0.10. மீதி 0.90 அக்டோபருக்கு.

மற்ற மாதங்களுக்கு 0. இந்த ஒரே நெடுவரிசையைச் சேர்த்தால் முன்பு குதித்துக்கொண்டிருந்த அக்டோபர், நவம்பர் மிச்சங்கள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். 21 என்பது வேத வாக்கு இல்லை. பட்டாசுக் கடைக்கு 7 நாள் போதும். இனிப்புக் கடைக்கு அதைவிடக் குறைவு. தைத்துப் போடும் துணிக்கு 21-க்கு மேலேயே வேண்டும், தையற்காரர் கடைசி வாரத்தில் துணி வாங்கமாட்டார். தினசரி பில் இருந்தால் எந்த நாளிலிருந்து கூட்டம் ஏறுகிறது என்று நேராகவே பார்த்துவிடலாம்.

நான்கு வருடத்தில் இந்தப் பங்கும் அக்டோபர் டம்மியும் பெரும்பாலும் ஒன்றாகவே நகர்கின்றன. அதனால் "தீபாவளி எவ்வளவு, வெறும் அக்டோபர் எவ்வளவு" என்று பிரிப்பதில் தடுமாற்றம் இருக்கும். இதற்கு மருந்து கூடுதல் வருடங்கள்தான். அல்லது வாரக் கணக்கு. எஃப் சோதனையிலும் கேள்வியைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். "சீசன் உண்டா?" என்றால் பதினொரு டம்மியையும் தீபாவளிப் பங்கையும் சேர்த்துப் பன்னிரண்டையும் ஒன்றாகச் சோதிக்க வேண்டும். "தீபாவளி போக வேறு சீசன் உண்டா?" என்றால் தீபாவளிப் பங்கு இரண்டு கணக்கிலும் இருக்க வேண்டும், பதினொன்றை மட்டும் சோதிக்க வேண்டும்.

அப்போ ஆடியும் பொங்கலும்? அவை தொந்தரவு தராது. தமிழ் மாதங்கள் சூரியக் கணக்கு. ஆடி எந்த வருடமும் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும், பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. ஆங்கில மாத டம்மிகளே பிடித்துக்கொள்ளும். நகர்வது திதியையும் பிறையையும் பார்த்து வருபவை: தீபாவளி, விநாயகர் சதுர்த்தி, நகைக்கடைகளுக்கு அட்சய திருதியை, ரம்ஜான். ரம்ஜான் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். 2022-இல் மே 3, 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. இஸ்லாமிய வாடிக்கையாளர்கள் அதிகமுள்ள ஊர்க்கடை என்றால் இதற்கும் ஒரு பங்கு நெடுவரிசை கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் மார்ச், ஏப்ரல், மே மூன்றுமே கலங்கும்.

விற்பனையைத் தமிழ் மாதவாரியாகக் கூட்டிவிட்டால் ஐப்பசியில் தீபாவளி அடங்கிவிடாதா என்றும் தோன்றும். பண்டிகை அடங்கும், விற்பனை அடங்காது. 2025-இல் ஐப்பசி பிறந்து மூன்றாம் நாளே தீபாவளி. துணி எடுத்ததெல்லாம் புரட்டாசியில்.

7. அறிகுறி: மே, ஜூன் இரண்டும் நம்ப முடியாத பள்ளம்

2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு, அது ஜூனுக்குள்ளும் நீண்டது. கடையே திறக்காத மாதத்தைச் சீசன் என்று கணக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. நான்கு மே மாதங்களில் ஒன்று இப்படி ஆனால் மே மாதக் கெழு மொத்தமாகத் தரைக்கு வந்துவிடும்.

2021 மே-க்கு மட்டும் 1 என்று ஒரு டம்மி, ஜூனுக்கு ஒன்று. ஒரே வரிக்கு ஒரு டம்மி என்றால் அந்த வரியைக் கணக்கிலிருந்து நீக்கியதற்குச் சமம்; மற்ற மாதங்கள் சுத்தமாக வரும். இப்போது மாறிகளை எண்ணுங்கள்: மாதம் 11, போக்கு 1, தீபாவளி 1, ஊரடங்கு 2. மொத்தம் 15. எக்செலின் 16-க்கு ஒன்றுதான் பாக்கி. ரம்ஜானைச் சேர்த்தால் முடிந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் எக்செலிலேயே உள்ள லைன்எஸ்ட் செயற்கூறுக்கோ ஆர், பைத்தானுக்கோ மாறுங்கள்.

இங்கே ஒரு கட்டுப்பாடும் வேண்டும். பொருந்தாத மாதத்துக்கெல்லாம் டம்மி போட ஆரம்பித்தால் எந்தக் கணக்கும் அழகாகத்தான் தெரியும். ஊரடங்கு, வெள்ளம், கடை இடித்துக் கட்டியது என்று கணக்குக்கு வெளியே காரணம் தெரிந்த மாதத்துக்கு மட்டும் போடுங்கள்.

8. அறிகுறி: பெரிய மாதங்களில் மிச்சமும் பெரிது

வியாபாரம் வளர வளரத் தீபாவளி மேடும் வளர்கிறது என்று அர்த்தம். கடை மாதம் 10 லட்சம் விற்றபோது தீபாவளிக்கு 5 லட்சம் கூடியது. 20 லட்சம் விற்கும்போது 10 லட்சம் கூடும். ரூபாயில் கூட்டுவதைவிடச் சதவீதத்தில் பெருக்குவதுதான் கடையின் நடப்பு. விற்பனைக்கு எக்செலின் எல்என் செயற்கூறால் இயல் மடக்கை எடுத்து அதை ஒய் ஆக வையுங்கள். நான்காவது பகுதியில் 1.90, 0.84 என்று வந்த எண்களும் மடக்கையில் போட்டவைதான்.

கெழுவைப் படிக்கும்போது மட்டும் கவனம். 0.35 என்றால் 35 சதவீதம் இல்லை. இஎக்ஸ்பி செயற்கூறில் போட்டு 1 கழித்தால் 42 சதவீதம். -0.22 என்றால் 20 சதவீதக் குறைவு. கெழு சிறிதாக இருந்தால் வித்தியாசம் தெரியாது, பெரிதானால் சரக்கு ஆர்டரே தப்பிப் போகும். கடைக்காரரிடம் "ஜனவரியைவிட" என்று சொல்வதைக் காட்டிலும் "சராசரி மாதத்தைவிட" என்று சொன்னால் நன்றாகப் புரியும். பதினொரு கெழுக்களோடு ஜனவரிக்கான 0-ஐயும் சேர்த்துச் சராசரி எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் தனி எண் வந்துவிடும்.

9. அறிகுறி: எல்லாமே 0.001-க்குக் கீழே, மிச்சத்தை வரைந்தால் அலை அலையாகப் போகிறது

பி மதிப்புகள் அளவுக்கு மீறி நன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்த மாத மிச்சமும் அடுத்த மாத மிச்சமும் கைகோத்து நடந்தால், 48 மாதத்தில் உண்மையான புதுத் தகவல் 48 மாதத்துக்கு இல்லை. திட்டப்பிழை குறைத்துக் காட்டப்படும், பி மதிப்பும் அப்படியே.

டர்பின், வாட்சன் இருவரும் 1950, 1951-இல் கொடுத்த சோதனை இதற்குத்தான். அடுத்தடுத்த மிச்சங்களின் வேறுபாட்டு வர்க்கங்களைக் கூட்டி, மிச்சங்களின் வர்க்கக் கூட்டலால் வகுக்க வேண்டும். 2-க்குப் பக்கத்தில் என்றால் நிம்மதி. 1-ஐ நோக்கி இறங்கினால் தொடர்பு இருக்கிறது. வரிகள் காலவரிசையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதவாரியாக அடுக்கிவிட்டு இதைப் போட்டால் பயனில்லை. இந்தச் சோதனை அடுத்தடுத்த மாதங்களை மட்டும்தான் பார்க்கும். போன வருட அதே மாதத்தோடு தொடர்பு உண்டா என்று பார்க்க, 12 மாதம் தள்ளிய மிச்சங்களோடு ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்) தனியாகப் போடுங்கள்.

பெரும்பாலும் காரணம் போக்குதான். 2021-22-இல் வியாபாரம் வேகமாக மீண்டு, பின் சமநிலைக்கு வந்திருந்தால் நேர்கோடு பொருந்தாது. போக்கின் வர்க்கத்தை ஒரு மாறியாகச் சேர்த்துப் பாருங்கள். அப்படியும் அடங்கவில்லையென்றால் நியூவி, வெஸ்ட் 1987-இல் சொன்ன முறையில் திட்டப்பிழையைத் திருத்த வேண்டும். எக்செலில் அது இல்லை. ஆரில் சாண்ட்விச் என்ற தொகுப்பில் இருக்கிறது. எஃப் சோதனையையும் அந்தத் திருத்தத்தோடு மறுபடி செய்யுங்கள்.

10. அறிகுறி: எந்தப் பொருளை எடுத்தாலும் பிப்ரவரி சுமார் 10 சதவீதம் குறைவு

பிப்ரவரிக்கு 28 நாள் (லீப் வருடத்தில் 29). 31-இல் 28 என்பது 90 சதவீதம். விற்பனையைக் கடை திறந்திருந்த நாட்களால் வகுத்து, நாள் சராசரியை ஒய் ஆக வையுங்கள். ஞாயிறு கூட்டம் அதிகம் என்றால், ஐந்து ஞாயிறு வந்த மாதத்தையும் கவனிக்க வேண்டும்.

11. அறிகுறி: மார்ச் எகிறுகிறது, ஏப்ரல் விழுகிறது

நீங்கள் பார்ப்பது கடை விற்பனையா, விநியோகஸ்தருக்கு அனுப்பிய பில்லா? மார்ச் 31 கணக்கு முடியும் நாள். இலக்கை எட்டுவதற்காக ஏப்ரல் சரக்கை மார்ச்சிலேயே பில் போட்டுத் தள்ளுவது உண்டு. அது விற்பனைப் பிரிவின் சீசன், வாடிக்கையாளரின் சீசன் இல்லை. மொத்த வியாபாரத்தில் தீபாவளி மேடு ஒன்றிரண்டு மாதம் முன்னால் தெரிவதும் இப்படித்தான். முடிந்தால் கடைசி வாடிக்கையாளர் வாங்கிய தேதியை வைத்துப் போடுங்கள்.

12. அறிகுறி: எஃப் சோதனை தேறியது, ஆனால் அடுத்த வருடக் கணிப்பு தப்பிப் போகிறது

கணிப்பை நம்பிச் சரக்கு எடுப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். 2024-ஐ மறைத்து வைத்துவிட்டு 2021 முதல் 2023 வரை மட்டும் ஓட்டுங்கள். அந்தக் கெழுக்களால் 2024-இன் பன்னிரண்டு மாதத்தையும் கணித்து, உண்மை விற்பனையோடு பக்கத்தில் வையுங்கள். எந்த மாதம் விலகுகிறது என்று பாருங்கள். எல்லா மாதமும் ஒரே பக்கம் விலகினால் போக்கில் கோளாறு, சீசனில் இல்லை. அக்டோபரும் நவம்பரும் மட்டும் எதிரெதிராக விலகினால் தீபாவளிப் பங்கில் நாட்களைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முன்பு மேடாக இருந்த மாதம் இப்போது சமதளமாகிவிட்டது என்றால் வாங்கும் பழக்கமே மாறியிருக்கலாம். பழைய வருடங்களை விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு காரணம் கணக்கில் தெரியவே தெரியாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் 38, 40 சைஸ் சட்டை தீர்ந்துவிட்டது. வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பில்லில் அந்த விற்பனை இல்லை. கணக்கு அந்த மாதத்தின் மேட்டைக் குறைத்து எடுத்துக்கொள்ளும், அடுத்த வருடமும் குறைவாகவே வாங்கச் சொல்லும், மறுபடி தீரும். இருப்புப் பதிவேட்டில் எந்தெந்த நாளில் எந்தச் சரக்கு பூஜ்யத்தைத் தொட்டது என்று பார்த்து அந்த மாதங்களைக் குறித்து வையுங்கள். பதிவேடு இல்லையென்றால் கவுன்ட்டரில் நிற்பவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். வருகிற தீபாவளிக்குக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, கேட்டும் இல்லாமல் போன சரக்கைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை கணக்கு ஓட்டும்போது அந்த நோட்டிலிருந்து ஒரு நெடுவரிசை கிடைக்கும்.